கோவத்தில் ஓடிய நெற்

ஜெயகௌரியின் கோவத்திலிருந்து நெற், அதாவது இன்ரநெற், வரத் தொடங்கியது ஒரு வியாழக்கிழமை பின்னேரம், இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்துப் பழைய சந்தைக்குப் பின்னால், ஒரு காலத்தில் கன்னியாஸ்திரிகள் இருந்து, அவர்களுக்குப் பிறகு ஒரு பிரபு இருந்து, பிரபுவுக்குப் பிறகு புறாக்கள் இருந்து, கடைசியில் இலங்கைத் தமிழரான எங்கள் ஆட்கள் வாடகைக்கு வந்து சேர்ந்த பெரிய கல்வீட்டில்.

அந்த வீட்டுச் சுவர்களைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். ஒரு ஆள் குறுக்கே படுத்து நித்திரை கொள்ளக்கூடிய தடிப்பு. அந்தச் சுவரைத் தாண்டி வெயிலும் வராது, மணிச்சத்தமும் வராது, போன் சிக்னல் அறவே வராது. நெற் கொம்பனிக்காரர் வருவார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், தங்களுக்குள் தலையை ஆட்டிக்கொள்வார்கள், பெரிய மெசினோடு அடுத்த கிழமை வருகிறோம் என்பார்கள், அடுத்த கிழமை என்பது அந்த ஊரில் போய்வருகிறேன் என்று சொல்வதற்கான மரியாதைச் சொல் என்று விளங்கிக்கொள்ள எங்கள் ஆட்களுக்கு அதிக காலம் எடுக்கவில்லை. மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு தன் ஊர் நிறுவனத்துக்குப் பாலங்களின் படம் கீறி அனுப்பும் ஹொலண்டுக்காரன் ரூபன், ஒவ்வொரு கூட்டத்துக்கும் கணினியைத் தூக்கிக்கொண்டு சந்தையடிக் கோப்பிக்கடைக்கு ஓடுவான். மீன்காரர் கூவுகிற சத்தத்துக்கு நடுவில்தான் அவனுடைய பாலங்கள் எழும்பின. ரூபன் என்பது அவன் தாய் தகப்பன் வைத்த பெயர், எங்கள் ஆட்கள் வைத்ததல்ல, ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்ட நாளிலிருந்து வீட்டுத் தமிழ்ப் பெண்கள் எல்லாரும் அவனைத் தம்பி முறையில் எடுத்துக்கொண்டார்கள். நிலமாடியில் இருந்த சிஞ்ஞோரா அசுந்தா, ஆர்ஜென்டீனாவுக்குக் குடிபோன சிசிலிக்காரருக்கு வீடியோவில் சீட்டுப் போட்டுக் குறி சொல்லுகிறவள், வெயிலோ மழையோ நடுத்தெருவில் கதிரை போட்டு இருந்துதான் குறி சொன்னாள். மேல்மாடி ஆனந்தராசா ஒருவர்தான் கூரை ஓட்டைப் பிரித்து ஒரு வயரை இறக்கி உருப்படியான லைன் எடுத்திருந்தார்.

ஆனந்தராசாவின் தங்கச்சிதான் ஜெயகௌரி. அண்ணன் கூப்பிட்டு வந்தவள், அண்ணனுக்கு நேர் கீழே குடியிருந்தாள். அவளுடைய கலியாணம் ஒரு வருஷத்துக்குள் முறிந்துபோனது, அதைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. பகலெல்லாம் கடற்கரைப் பக்கத்துப் பணக்கார வீடுகளில் நிலம் துடைத்தாள். துடைக்கும்போது காதில் இத்தாலியன் மருத்துவச் சொற்களைப் போட்டுக் கேட்டாள், ஈரலுக்கு என்ன, மண்ணீரலுக்கு என்ன, மூச்சு வாங்குவதற்கும் மூச்சு முட்டுவதற்கும் என்ன வித்தியாசம் என்று வாளித் தண்ணியோடு சேர்த்துப் பிழிந்து பிழிந்து மனதில் ஏற்றினாள். வடக்கே உள்ள ஆஸ்பத்திரிகளில் வருத்தமாய்க் கிடக்கும் எங்கள் சனங்களுக்கும் டொக்டர்மாருக்கும் நடுவில் நின்று, வீட்டிலிருந்தபடியே வீடியோவில் மொழிபெயர்க்கிற வேலை ஒன்று இருந்தது. தமிழுக்கு ஒரே ஒரு இடம். அந்த இடம் கிடைத்தால் முழங்காலை இனி மற்றவர்களுடைய நிலத்தில் ஊன்றத் தேவையில்லை. அவள் வேறொன்றும் கேட்கவில்லை, கடவுளிடம்கூட அதைத்தான் கேட்டாள்.

சோதனையும் வீடியோவில்தான். அண்ணன் வீட்டு ரவுட்டர் பெட்டியிலிருந்து ஒரு வயர், தளத்தில் போட்ட ஓட்டை வழியாக அவளுடைய குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், இறங்கியிருந்தது. முதல் நாளே மேலே போய், மச்சாள், நாளைக்குப் பெட்டியை ஒருக்காலும் தொட்டுப்போடாதேங்கோ என்று சொல்லிவிட்டு வந்தாள். மச்சாள் தவமலர், ஆனந்தராசாவின் மனைவி, ஓம் ஓம் என்று தலையை ஆட்டினாள். சோதனை நல்லாய்ப் போய்க்கொண்டிருந்தது. திரையில் கேள்வி கேட்ட அதிகாரி அம்மா சிரிக்கக்கூடச் செய்தாள். நோயாளி மாதிரி நடிக்கிறவர் தன் இடுப்பு வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு இருக்கும்போதே, ஜெயகௌரி அதை இத்தாலியனில் பாதி சொல்லிக்கொண்டு இருக்கும்போதே, லைன் போய்விட்டது.

படியில் இரண்டு இரண்டாய்த் தாவி மேலே ஓடினாள். அங்கே தவமலர், தலை வாரி இழுத்து, மடிப்புக் கலையாத சட்டை போட்டு, கணினிக்கு முன்னால் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி இருந்தாள். அவளுக்குப் பின்னால் ரவுட்டர் பெட்டியில் ஒவ்வொரு லைட்டாக எரியத் தொடங்கிக்கொண்டிருந்தது, பிளக்கைக் கழட்டிப் பூட்டினால் எரியுமே, அப்படி.

"கட்டாப் போச்சு போல," என்றாள் தவமலர். "இந்த ஊர் லைன் அப்பிடித்தானே, கௌரி. நான் என்ன செய்யிறது?"

கட்டாப் போச்சு. அதே சோதனைக்குத் தவமலரும் விண்ணப்பித்திருந்தாள், அவளுடைய முறை ஜெயகௌரியின் முறைக்கு அடுத்தது. லைன் அறுந்தவர்களுக்கு அதே சுற்றில் மறுபடி இடம் கொடுப்பதில்லை என்பது அந்த நிறுவனத்தின் சட்டம், ஆஸ்பத்திரி விஷயத்தில் பாதியில் அறுகிற குரலை வைத்து என்ன செய்வது என்று கேட்டார்கள், அதுவும் நியாயம்தான். வியாழக்கிழமை பின்னேரம் வேலை தவமலருக்கு என்று செய்தி வந்தது. மேலே மச்சாள் போனில் ஆருக்கோ சொல்லிச் சிரித்தது, வயர் இறங்கின ஓட்டை வழியாக வடிவாய்க் கேட்டது. ஜெயகௌரி வயரைப் பிடித்து இழுத்து அறுத்தாள். பிறகு குசினிச் சுவரைப் பார்த்து, சத்தம் போடாமல், ஒரு சொல் சொன்னாள்.

"மறக்கமாட்டன்."

எங்கள் ஆட்களிடம் கோவம் என்பது வந்து போகிற உணர்ச்சி அல்ல. அது ஒரு உறவுமுறை. இவை எங்களுக்குச் சொந்தம், அவை எங்களுக்கு அயல், உவை எங்களோட கோவம் என்று சொல்லிக்கொள்வார்கள். கோவமான வீட்டுக்காரரைப் படியில் கண்டால் சுவரைப் பார்க்கவேண்டும், அவர்கள் வீட்டுப் பலகாரம் வந்தால் மூடி திறக்காமல் திருப்பி அனுப்பவேண்டும், அந்த வீட்டில் பச்சைத்தண்ணியும் குடிக்கக்கூடாது. தப்பித்தவறிக் குடித்தால் கோவம் அந்த மிடறோடு முடிந்தது, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்க ஒருவருக்கும் உரிமையில்லை. ஜெயகௌரி மச்சாளோடு அன்றிலிருந்து கோவம். அதே நேரம், அவளுக்குக் கீழ்மாடியில், கோப்பிக்கடைக்கு ஓடுவதற்காகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த ரூபன், போனில் நெற் முழுக்கோடு காட்டுவதைக் கண்டான். அதற்கு ஒரு பெயரும் இருந்தது. எறும்புகள் சுருண்டு படுத்திருப்பதுபோன்ற எழுத்தில் இருந்த அந்தப் பெயரை அவனால் வாசிக்க முடியவில்லை, ஆனால் கடவுச்சொல் கேட்காமல் அது அவனை உள்ளே விட்டது. அவன் ஒரு சப்பாத்தோடு இருந்தபடியே ஒரு பாலத்தை அனுப்பி முடித்தான்.

ஒரு கிழமைக்குள் வீடு முழுவதும் அந்த எறும்பு நெற்றில்தான் ஓடியது. அசுந்தா கதிரையைத் தெருவிலிருந்து உள்ளே எடுத்தாள். இரண்டாம் மாடியில் இருந்த பங்களாதேஷ்த் தையல்காரர், சில்ஹெட்டில் உள்ள மனைவியைப் பார்த்துக்கொண்டே தைத்தார், அவருடைய தையல் முன்பைவிட நேராகியது. எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் அதிகம் துருவவில்லை. தண்ணி வருகிற குழாயை ஆர் கழட்டிப் பார்ப்பார்கள்? சுவரின் தடிப்புக்குள் பிரபு காலத்து வயர் இருக்கிறது என்று தையல்காரர் சொன்னார். அசுந்தாதான் உண்மையைக் கண்டுபிடித்தாள். ஜெயகௌரி தன்னைப் பார்க்க வந்த பழைய சிநேகிதி ஒருத்தியோடு கதைத்து வாய்விட்டுச் சிரித்த ஒரு காலை, வீடு முழுவதும் நெற் படுத்துவிட்டது. சிநேகிதி, உன்ர மச்சாளுக்கு உத்தியோகமாமே, நல்லாச் சம்பாதிக்கிறாவாம் என்று கேட்ட அந்த நிமிஷம் நெற் துள்ளி எழும்பியது. சீட்டுப் போடத் தேவையே இல்லாமல் அசுந்தாவுக்கு விளங்கிவிட்டது. சிசிலியில் பிறந்தவளுக்குக் கோவத்தின் பலத்தைப் பற்றி வேறு ஆர் சொல்லிக் கொடுக்கவேண்டும்?

அன்றிலிருந்து ஜெயகௌரியின் கோவத்தைப் பராமரிப்பது அந்த வீட்டின் பொதுவேலை ஆனது, படி கூட்டுவது மாதிரி, குப்பை வைப்பது மாதிரி. அசுந்தா காலையில் கோப்பி கொண்டுவந்து, சீட்டை விரித்து, உன் தலைக்கு மேலே ஒரு பெண் கால்மேல் கால் போட்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போவாள். தையல்காரர், தவமலர் தைக்கக் கொடுத்த புதுச்சட்டையின் துணியை வேண்டுமென்றே கையில் பிடித்துக்கொண்டு ஜெயகௌரியின் வாசலில் நின்று நூல் கோப்பார். ரூபன் ஒரு தமிழ் வசனத்தையே பாடமாக்கினான். கூட்டம் தொடங்குவதற்கு முன் அவளுடைய கதவைத் தட்டி, பணிவாக, "அக்கா, மச்சாள் நல்லாச் சிரிக்கிறா," என்று ஒப்புவித்துவிட்டு ஓடிப்போய்க் கணினியைத் திறப்பான். சித்திரை வருஷப்பிறப்புக்கு, இரண்டு வீட்டையும் சேர்த்துவைத்துவிடலாம் என்று கோயில் சபைத் தலைவர் சிவபாதம் வேட்டி சால்வையோடு வந்தார். கீழ்ப்படியிலேயே அவரை மறித்து, கௌரி கத்தானியா நகரத்துக்குப் போய்விட்டாள் என்று நாலு பேர் நாலு மொழியில் சொல்லி அனுப்பிவைத்தார்கள். ஜெயகௌரிக்கு இதொன்றும் தெரியாது. ஒருவரும் இல்லாத ஊரில் தன் பக்கத்து நியாயத்தைக் கதைக்க இத்தனை பேரா என்று அவள் உருகிப்போனாள், ரூபனுக்கு வடை சுட்டுக் கொடுத்தாள்.

இதற்கிடையில் மேல்மாடியின் வயர் ஒரு புயல்மழையில் கூரையோடு போய்விட்டது. கொம்பனிக்காரர் வந்து பார்த்து, அடுத்த கிழமை என்றார்கள். தவமலருக்கு உத்தியோகம் இருந்தது, லைன் இல்லை. அவள் போனைத் திறந்தாள், எறும்பு நெற் முழுக்கோடு காட்டியது. மற்றவர்களால் வாசிக்க முடியாத பெயரை அவள் வாசித்தாள், மறக்கமாட்டன் என்று இருந்தது. அதை விரலால் அமத்தி அந்த நெற்றுக்குள் போனாள்.

அந்த விஷயம் ஜெயகௌரிக்குத் தெரியவந்தது வயிற்றெரிச்சலால்தான். ஒரு முற்பகல், நிலம் துடைக்கப் போகாமல் காய்ச்சலோடு குசினியில் இருந்தவளுக்கு, ஓட்டை வழியாகத் தவமலரின் குரலும், அவளுடைய கணினியிலிருந்து ஒரு தாயின் குரலும் தெளிவாகக் கேட்டன. எங்கோ வடக்கே ஆஸ்பத்திரியில் இருந்த அந்தத் தாய், தன் மருமகள் தன்னைப் பேரப்பிள்ளையைத் தூக்க விடுவதில்லை என்று சொல்லி, "நினைக்க நினைக்க வயித்தெரிச்சலாக் கிடக்கு," என்றாள். தவமலர் அதை டொக்டருக்கு, வயிற்றில் எரிவு, அடிக்கடி, யோசித்தால் கூடுகிறது என்று மொழிபெயர்த்தாள். டொக்டர் வயிற்றுக்குள் கமெரா விட்டுப் பார்க்கவேண்டும் என்றார். கீழே ஜெயகௌரி தலையில் கை வைத்துக்கொண்டாள், அந்த நிமிஷம் வீட்டில் நெற் பறந்தது. ரூபன் படியில் ஓடிவந்து, இத்தாலியனில், அவளுடைய இரண்டு கையையும் பிடித்து நன்றி சொன்னான். உங்களுடைய கோவம் எவ்வளவு பெரியது, எங்கள் எல்லாருக்கும் அது சோறு போடுகிறது, மேலே உள்ள அக்காவுக்கும் கூட என்றான். வடை கொடுத்தவளுக்குப் பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

ஜெயகௌரி கதவைப் பூட்டிவிட்டு நிலத்தில் இருந்தாள். மச்சாள் அவளுடைய வேலையை எடுத்தாள், சரி. இப்போது அவளுடைய வயிறு எரிகிற நெருப்பிலேயே மச்சாள் உலை வைக்கிறாள். கறுவக் கறுவ மச்சாளுக்கு லைன் நல்லாய் வருகிறது. மனம் ஆறி விட்டுக்கொடுத்தால்தான் மச்சாளின் வேலை போகும். மனம் ஆறினால் மச்சாளின் வேலை போகவேண்டும் என்ற ஆசையும் போய்விடும். இப்படி ஒரு பொறியைக் கடவுள் ஆருக்கும் வைத்திருக்கமாட்டார் என்று அவள் அழுதாள், அழ அழ ரூபனின் பாலங்கள் மிக வேகமாகப் போய்ச் சேர்ந்தன.

அவள் பழி வாங்குவதற்காக மன்னிக்கத் தீர்மானித்தாள். வருஷக் கடைசியில் தவமலருக்கு மறுபடி ஒரு நேர்முகச் சோதனை இருக்கிறது, அதில் லைன் அறுந்தால் இடம் போய்விடும், போன இடத்துக்கு அடுத்த விண்ணப்பக்காரி தான்தான் என்பது அவளுக்குத் தெரியும். அந்த ஒரு பகலில், அந்த நேரத்தில் மட்டும் மன்னித்தால் போதும். அதற்குப் பழகவேண்டும். வெறுங்காலோடு மலை ஏறி, எங்கள் ஆட்கள் அம்மனைக் கும்பிடுவது போலவே கும்பிடும் அந்த ஊர்க் குகைக் கோயிலின் கன்னிப் புனிதையிடம் போய், மச்சாளை மன்னிக்கப் பலம் தா என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து மச்சாள் செய்த நல்லவற்றை ஒவ்வொன்றாக நினைத்தாள். வந்த புதிதில் காய்ச்சலில் கிடந்தபோது மச்சாள் ரசம் வைத்துக் கொடுத்தது உண்மைதான். ரசத்தை வைத்துவிட்டு, அண்ணன்ர உழைப்பெல்லாம் உனக்கு மருந்துக்கே போகுது என்று சொன்னதும் உண்மைதான். விசாக் காகிதங்களோடு மச்சாள் கந்தோர் கந்தோராக அலைந்தது உண்மைதான்; அதை எல்லாக் கலியாண வீட்டிலும் மைக் பிடித்தவள் மாதிரிச் சொன்னதும் உண்மைதான். எந்த நல்லதை எடுத்தாலும் அதன் அடியில் ஒரு முள் இருந்தது. நெற் ஒரு கோடு குறையும், வீட்டுக்காரர் பதறிப்போய் ஓடிவருவார்கள், ரூபன் தன் வசனத்தை ஒப்புவிப்பான், நெற் இரண்டு கோடு கூடும்.

மனதால் ஏலாது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அப்போதுதான் மனம் எதற்கு, முறை இருக்கிறதே என்ற யோசனை வந்தது. எங்கள் ஆட்கள் இதுவரை மனம் மாறியா ஒருவரோடு ஒருவர் சேர்ந்தார்கள்? முறைப்படி சேர்ந்தார்கள், மனம் விரும்பினால் பின்னால் வரும், விரும்பாவிட்டால் வெளியில் நிற்கும்.

சோதனை நாள் காலை அவள் முழுகி, நல்ல சீலை உடுத்து, மேலே போய் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஆனந்தராசாதான் திறந்தார். தங்கச்சி வாசலில் நிற்கிறாள் என்று கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே மேசையில் தவமலர் காதில் ஹெட்செட்டோடு, திரையில் ஒரு அதிகாரி அம்மாவுக்கு முன்னால், நடிப்பு நோயாளி ஒருவரின் கதையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். ஜெயகௌரி அவளுக்கு நேர் எதிர்க்கதிரையில், கமெராவில் படாமல் இருந்தாள்.

"மச்சாள்," என்றாள், "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்கோ."

தவமலருக்கு முகம் வெளுத்தது. அவள் நோயாளியின் முழங்கால் வலியை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே, புருஷனைப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஆனந்தராசா அதைக் காணவில்லை. மாதக் கணக்காய்த் தங்கச்சியும் மனைவியும் சேரவேண்டும் என்று நேர்ந்த மனுஷன், குசினிக்கு ஓடி, விருந்தாளிக்கென்று வைத்த கண்ணாடிக் கிளாசைத் தன் சட்டையிலேயே துடைத்து, தண்ணி நிரப்பி, இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தார்.

"குடி பிள்ளை," என்றார். "நல்லாக் குடி."

அவள் அவசரப்படாமல் குடித்தாள். முதல் மிடற்றில் ஒரு கோடு போனது. கீழே எங்கேயோ ரூபனின் குரல் உயர்ந்தது. அடுத்த மிடற்றில் இன்னொன்று. அசுந்தாவின் ஆர்ஜென்டீனாக்காரன் சாவுச்சீட்டைப் பார்த்தபடியே உறைந்துபோனான். கிளாஸ் காலியானபோது திரையில் அதிகாரி அம்மா வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள், தவமலரின் வசனம் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் அறுந்தது.

ஜெயகௌரி கிளாசை மேசையில் வைத்தாள். "கட்டாப் போச்சு போல, மச்சாள்," என்றாள். "இந்த ஊர் லைன் அப்பிடித்தானே."

படியிறங்கும்போது அவளுக்கு உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. உண்மையிலேயே கோவம் போய்விட்டிருந்தது, பழி தீர்ந்த இடத்தில் அதற்கு என்ன வேலை? ஆனால் மாடிக்கு மாடி கதவுகள் திறந்து ஆட்கள் நின்றார்கள். ரூபன் தன் நிறுவனத்துக்கு ஒரு பெரிய பாலத்தை விளங்கப்படுத்திக்கொண்டிருந்த இடத்தில் அறுந்திருந்தது, பாலம் வேறொருவனுக்குப் போய்விட்டது. தையல்காரர் மனைவியின் பிரசவ அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர்கள் அவளைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள். எங்கள் ஆட்களோடு இருந்து பழகினதில் அதை அவர்கள் நல்லாய்ப் பிடித்திருந்தார்கள்.

பின்னேரத்துக்குள் வீட்டில் நெற்றுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு கதவிலிருந்தும் ஒவ்வொன்று வந்தது, டச்சில் ஒரு பெயர், வங்காளத்தில் ஒரு பெயர், அசுந்தாவினுடையது சொல்லக்கூடாத ஒரு சிசிலி வசை. மேல்மாடியிலிருந்து தவமலரின் கோவம் பெயரே இல்லாமல், சுவரெல்லாம் ஊடுருவி, சந்தை வரைக்கும் போனது. மீன்காரர் அதில் பந்தாட்டம் பார்த்தார்கள். ஜெயகௌரிக்கு இடம் கிடைத்தது. அந்த வீட்டில் எல்லாரும் அவளோடு கோவம், அதனால் அவளுடைய லைன் ஒருநாளும் அறவில்லை. காலை முதல் பின்னேரம் வரைக்கும் முன்பின் தெரியாதவர்களின் ஈரலையும் மூச்சையும் இந்த மொழியிலிருந்து அந்த மொழிக்கு ஏற்றி இறக்கினாள், அதற்குப் பிறகு கதைக்க ஒரு சீவனும் இல்லை. வேலை தன்னுடையது என்று நினைக்கும்போது வருகிற சந்தோஷம் அப்போதும் பெரிதாகத்தான் இருந்தது.

ஆனால் எல்லாருக்கும் கோவம் எங்கள் ஆட்களுக்குப் போல நிலைப்பதில்லை. ஹொலண்டுக்காரனுடையது ஒரு மாதமும் தாங்கவில்லை, படியில் கண்டு சிரித்தான், டச்சுப் பெயர் போய்விட்டது. தையல்காரருக்குப் பெண்பிள்ளை பிறந்திருந்தது, அந்தச் சந்தோஷத்தில் அவருக்குக் கோவப்படவே நேரமில்லை. அசுந்தா ஊர்க் கன்னியின் திருநாளில் ஊரோடு சேர்ந்து இவளையும் மன்னித்தாள். தவமலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஜெர்மனியில் இருக்கும் தன் தங்கச்சியிடம் போனவள் திரும்பி வரவில்லை, அவளுடைய கோவமும் அவளோடு போய் அங்கே ஒரு நகரத்துக்கு வேலை செய்தது. கடைசியில் வீட்டில் மிஞ்சியது ஒரே ஒரு நெற். ஆனந்தராசாவினுடையது. சத்தம் போடத் தெரியாத மனுஷன், அன்பாய்க் கொடுத்த தண்ணியால் தன் குடும்பத்தையே கெடுத்துவிட்டாள் தங்கச்சி என்ற கோவத்தை, கறியில்லாத சோற்றோடு தனியே தின்றுகொண்டு மேலே இருந்தார். அது வேகமில்லாத, விட்டுப்போகாத ஒரு லைன். வீட்டுக்காரர் அவரைக் கண்டால் மெதுவாய் நடந்தார்கள், அவரிடம் ஒருவரும் பகிடி விட்டுச் சிரிக்கவில்லை. ஜெயகௌரி அதில்தான் உழைத்தாள்.

ஒரு மத்தியானம், அவள் வேலையில் இருக்கும்போது கதவு தட்டுப்பட்டது. திரையில் வடக்கே ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில், அதில் பருத்தித்துறைப் பக்கத்து அம்மா ஒருத்தி, பக்கத்தில் குனிந்தபடி ஒரு டொக்டர். அம்மா தன் வலியைச் சொல்லத் தொடங்கியிருந்தாள். ஜெயகௌரி ஒரு நிமிஷம் என்று கை காட்டிவிட்டு, ஹெட்செட்டைக் கழுத்தில் இறக்கிவிட்டு, கதவைத் திறந்தாள். அண்ணன் நின்றார். வெறுங்கை. தாடி வளர்ந்திருந்தது.

"கௌரி," என்றார். "சாப்பிட்டியே?"

அவ்வளவுதான் கேட்டார். பின்னால் மேசையில் அம்மாவின் குரல் உடைந்தது, ஒரு சொல் வந்தது, இரண்டு சொல் விழுந்தது, டொக்டரின் முகம் கட்டம் கட்டமாய்ப் பிரிந்தது. ஜெயகௌரி அண்ணனைப் பார்த்தாள். அவருடைய முகத்தில் கோவம் வடிந்து போய்க்கொண்டிருந்தது, பசியும் தனிமையும்தான் மிச்சம் இருந்தன. இல்லை அண்ணா, வாங்கோ என்று சொல்ல அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. சொன்னால் லைன் அறும். லைன் அறுந்தால் வாளியும் துணியும் முழங்காலும். அவள் கைக்கு அகப்பட்ட கல்லை எடுத்து எறிவது போல, வாய்க்கு அகப்பட்ட சொல்லை எடுத்து எறிந்தாள். தெரிந்து சொன்னதல்ல, அவரை நோகப்பண்ணினால் போதும் என்று சொன்னது.

"அண்டைக்கு மச்சாள் பிளக்கைக் கழட்டேக்க, நீங்களும் பக்கத்திலதானே நிண்டனீங்கள்."

அவர் கோவிக்கவில்லை. நிலத்தைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை," என்றார். "நிண்டனான்."

கனகாலம் சுமந்த மூட்டையை இறக்கின ஆளைப்போல மூச்சு விட்டார், அதோடு அவருடைய நெற்றின் கடைசிக் கோடும் போனது. ஜெயகௌரி அவருடைய முகத்தைப் பார்த்தபடியே கதவைச் சாத்தினாள். லைன் அறுந்திருக்கவேண்டும். ஆனால் அவளுடைய நெஞ்சுக்குக் கீழே ஒன்று பற்றி எழும்பியது, முன்பு எரிந்ததைவிடப் பெரிதாக, மச்சாளை நினைத்து ஒருநாளும் எரியாத மாதிரி. திரையில் டொக்டரின் முகம் ஒன்றாய்ச் சேர்ந்தது. அம்மாவின் மூச்சு, அவளுடைய கையில் காப்பு உரசுகிற சத்தம், நடையில் தள்ளுவண்டி போகிற சத்தம், எல்லாம் பக்கத்து அறையில் மாதிரிக் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணன் இன்னும் நின்றார். அவள் ஹெட்செட்டை எடுத்துக் காதில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, இப்ப வடிவாக் கேக்குது," என்றாள். "டொக்டர் கேக்கிறார். சொல்லுங்கோ, எங்க நோகுது?"